போட்டுல ஏறுனதும் மொதல்ல அணியத்தத் தேடுங்க

"ஹாலுவான்! ஹாலுவான்!"னு போட்டுக்கார பாங் (மலாய்ல அண்ணன்) கத்துறாரு, நான் எழுந்து நின்னு எந்தப் பக்கம் எந்தப் பக்கம்னு சுத்திச் சுத்திப் பாக்குறேன். ஸ்கூல்ல படிச்ச மலாய்ல ஹாலுவான்னா போற திசை, அதுக்கு மேல எனக்குத் தெரியாது. அவரு சொன்னது படகோட மூக்க, அங்க சுருட்டிக் கெடக்குற கயித்த எடுத்து ஜெட்டில, அதான் படகுத்துறைல, நிக்கிற பையன்கிட்ட வீசுன்னு அர்த்தம். நான் எழுந்து நின்ன ஆட்டத்துல ஐஸ் பெட்டி கவுந்து, ராத்திரி பூரா புடிச்ச மீனு பாதி திரும்பக் கடலுக்கே போயிடுச்சு. பாங் ஒண்ணும் திட்டல, ஒரு பெருமூச்சு விட்டாரு பாருங்க, திட்டியிருந்தாக்கூட பரவால்ல.

அதுக்கப்புறம்தான் மாமாகிட்ட உக்காந்து ஒழுங்கா கத்துக்கிட்டேன். மாமா பத்து மௌங் பக்கம் ஒரு சின்ன பைபர் போட் வச்சிருக்காரு, தாத்தா நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏறி பினாங்குல வந்து இறங்குனவரு, கரையோரத்துக் குடும்பம், அதனால மாமா வாயில அந்த ஊருக் கடல் வார்த்தையும் வரும் இந்த ஊரு மலாயும் வரும். தூண்டில் போட முத தடவ போறவங்க, தெலுக் பஹாங்ல இருந்து படகு புடிச்சு பந்தாய் கெராச்சுட் போறவங்க, ஆபீஸ்ல டிராகன் போட் டீம்ல பேரு குடுத்துட்டு முழிக்கிறவங்க, உங்களுக்காகத்தான் எழுதுறேன். நூறு வார்த்த மனப்பாடம் பண்ண வேணாம், ஒரு வார்த்த போதும், மத்தது அதப் புடிச்சுக்கிட்டே வந்துடும்.

மொத வேல: அணியம் எதுன்னு பாருங்க

படகோட முன்பக்கம் அணியம். மலாய்ல ஹாலுவான், இங்கிலீஷ்ல பௌ. பின்பக்கம் அமரம், மலாய்ல பூரித்தான், இங்கிலீஷ்ல ஸ்டெர்ன். அணியம், அமரம் ரெண்டும் நம்ம கரையில புழங்குற வார்த்த, மலையாளத்துலயும் அப்படியே இருக்கு. தனித்தமிழ்ல பேசுறவங்க "அணியமா இரு"ன்னா தயாரா இருன்னு அர்த்தம், அது வேற, கொழப்பிக்காதீங்க.

கூரா இருக்குற பக்கம் அணியம், எஞ்சின் தொங்குற பக்கம் அமரம், இதுல என்ன பெரிய விஷயம்னு கேப்பீங்க. சரி, நம்ம பினாங்கோட பழைய மஞ்ச பெர்ரிய நெனச்சுப் பாருங்க. பட்டர்வொர்த்ல காரு ஒரு வாய்ல ஏறி தீவுல மறு வாய்ல இறங்கும், பெர்ரி திரும்பவே திரும்பாது, ரெண்டு முனையும் ஒரே மாதிரி. அதுல எது அணியம்? எந்த முனை முன்னாடி போகுதோ அது. போறப்ப ஒண்ணு, வர்றப்ப இன்னொண்ணு. 2020 கடைசியோட அதுல காரு ஏத்துறத நிறுத்திட்டாங்க, 2023 ஆகஸ்ட்ல புது பெர்ரி வந்துச்சு, அதுல ஆளும் மோட்டார்சைக்கிளும்தான். சின்னப் புள்ளைல அப்பா காருக்குள்ள உக்காந்து கடல் தாண்டுனது இப்ப இருக்குற புள்ளைங்களுக்குத் தெரியாது, அத நெனச்சா கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கு.

அணியம் தெரிஞ்சுடுச்சுன்னா அந்தப் பக்கம் பாத்து நில்லுங்க. இப்ப உங்க இடது கை பக்கம் படகோட இடது, வலது கை பக்கம் படகோட வலது. நீங்க திரும்புனாலும் அது திரும்பாது. இதுதான் முக்கியம். இடதும் வலதும் படகோட சொத்து, உங்களோடது இல்ல.

இடது வலது ஏன் இவ்வளவு தகராறு

நான் சொல்றது நம்பலன்னா டிராகன் போட்ல டிரம் அடிக்க உக்காந்து பாருங்க. பெரிய டிராகன் போட்ல 20 பேரு துடுப்பு போடுவாங்க, ஜோடி ஜோடியா 10 வரிசை, எல்லாரும் அணியத்தப் பாத்து உக்காந்திருப்பாங்க. அமரத்துல ஒருத்தரு நீளத் துடுப்ப வச்சு திசை திருப்புவாரு. அணியத்துல டிரம் அடிக்கிறவரு மட்டும் எல்லாருக்கும் எதிர, பின்னாடி பாத்து உக்காந்திருப்பாரு. நான் ஆளு ஒல்லி, அதனால என்ன டிரம்முக்குப் போட்டுட்டாங்க. தெலுக் பஹாங் டேம்ல பிராக்டிஸ், எனக்கு இடது கை பக்கம் கரை நெருங்கி வருது. கரைய விட்டு விலகணும்னா கரைப் பக்கத்து ஆளுங்க மட்டும் அடிக்கணும், நானும் சரியாத்தான் யோசிச்சு "லெப்ட் சைடு மட்டும் அடி!"ன்னு கத்துனேன். என் லெப்ட் அவங்களுக்கு ரைட். அவங்க அவங்க லெப்ட்ட அடிச்சாங்க, படகு அழகா ரைட்டுக்குத் திரும்பி நேரா கரையில போயி ஏறுச்சு. டீம்ல எனக்கு அன்னைக்கு வச்ச பேர இங்க எழுத முடியாது.

இந்தத் தகராறுக்குத்தான் கப்பல்காரங்க லெப்ட் ரைட்டுன்னு சொல்லாம போர்ட், ஸ்டார்போர்ட்னு வச்சிருக்காங்க. அணியத்தப் பாத்து நின்னா இடது போர்ட், வலது ஸ்டார்போர்ட். ஸ்டார்போர்டுக்கும் வானத்து நட்சத்திரத்துக்கும் சம்பந்தமே இல்ல. அமரத்து நடுவுல சுக்கான் வைக்கிற பழக்கம் வர்றதுக்கு முன்னாடி, ஐரோப்பாவுல படகோட வலது பக்கத்துல ஒரு பெரிய துடுப்பக் கட்டி அதுலதான் திருப்புவாங்க, திருப்புற பக்கம்ங்கிறதுதான் பழைய இங்கிலீஷ்ல இருந்து தேஞ்சு ஸ்டார்போர்ட் ஆயிடுச்சு. அந்தத் துடுப்பு நசுங்கிடக் கூடாதுன்னு இடது பக்கத்தக் கரையில அணைச்சாங்க, அதனால அது துறைமுகப் பக்கம், போர்ட். அதுக்கு முன்னாடி ரொம்ப காலமா இடதுக்கு லார்போர்ட்னுதான் சொல்லிட்டு இருந்தாங்க, புயல்ல ஸ்டார்போர்டும் லார்போர்டும் ஒரே மாதிரி காதுல விழுந்து வம்பாகி, பிரிட்டிஷ் கடற்படை 1844ல அத நிறுத்திடுச்சு.

நம்ம ஊரு போட்டுக்காரங்க இவ்வளவெல்லாம் பாக்க மாட்டாங்க, இடதுக்கு கிரி, வலதுக்கு கானான்னு மலாய்லயே சொல்லுவாங்க. ஆனா அவங்க சொல்ற கிரி படகோட கிரி.

கலரும் இதுல ஒட்டிக்கிட்டு வரும். இடதுக்கு சிவப்பு வெளக்கு, வலதுக்குப் பச்ச, பின்னாடி வெள்ள. நான் ஞாபகம் வச்சிக்கிறது இப்படி: இதயம் இடது, இரத்தம் சிவப்பு. இத நீங்க கடலுக்கே போகாம கத்துக்கலாம். ராத்திரி பாடாங் கோத்தா போங்க, ஒரு தட்டு பசெம்பூர் வாங்கிக்கிட்டு கடல் சுவருல உக்காருங்க. போற கப்பல், படகுல சிவப்பு வெளக்கு தெரியுதுன்னா நீங்க பாக்குறது அதோட இடது பக்கம், அப்ப அது உங்க இடது கைப் பக்கமாப் போகுது. பச்ச தெரிஞ்சா வலது கைப் பக்கமா. சிவப்பும் பச்சையும் ஒண்ணா தெரிஞ்சா அணியம் உங்களப் பாத்து நிக்குதுன்னு அர்த்தம், சுவருல இருந்தா ரசிக்கலாம், படகுல இருந்தா உடனே ஒதுங்கணும். பசெம்பூர் முடியறதுக்குள்ள நாலஞ்சு கப்பல் கணக்குப் போட்டுடலாம்.

எங்க உக்காரணும்

புதுசா வர்றவங்க எல்லாரும் அணியத்துல உக்காரத்தான் அடிச்சுக்குவாங்க, போட்டோ நல்லா வரும்னு. அலையில அணியம்தான் தூக்கித் தூக்கிப் போடும், அடி நேரா முதுகெலும்புல ஏறும். முதுகு வலி இருக்கறவங்க, மாசமா இருக்கறவங்க அந்தப் பக்கமே போகாதீங்க. நடுவுக்குப் பின்னாடி, அமரத்துப் பக்கமா உக்காந்தா ஆட்டம் கம்மி. மாமா சொல்லுவாரு, "அணியத்துல உக்காந்தவன் ஆடினான், பூரித்தான்ல உக்காந்தவன் பூரித்தான்." இந்த ஒரு வரியிலயே எனக்கு ரெண்டு வார்த்தையும் மனசுல ஒட்டிக்கிச்சு. ஆனா எல்லாரும் ஒரேயடியா அமரத்துக்குப் போயிட்டா அணியம் மேல தூக்கிக்கும், ஓட்டுறவருக்கு முன்னாடி என்ன இருக்குன்னே தெரியாது, எஞ்சின் வேற பின்னாடி இருக்கு. அதனால அவரு கை காட்டுற எடத்துல உக்காருங்க, மொகத்தத் தூக்காதீங்க.

குறுக்கால போட்டிருக்குற பலகைக்கு இங்கிலீஷ்ல த்வார்ட்னு பேரு. அது சீட்டு மட்டும் இல்ல, படகோட ரெண்டு பக்கத்தையும் உள்ள வாங்காம புடிச்சு நிறுத்துறதும் அதுதான். கால நீட்ட எடம் இல்லன்னு அதக் கழட்டி வச்ச ஒருத்தர எனக்குத் தெரியும், அடுத்த மழக் காலத்துல அந்தப் படகு பக்கத்துல வெடிப்பு விட்டுடுச்சு.

ஏறுறது, இறங்குறது

படகோட மேல் விளிம்புக்கு கன்வேல்னு இங்கிலீஷ்ல எழுதுவாங்க, சொல்றப்ப கன்னல்னு சொல்லணும், கரும்பு இல்லைங்க. பழைய போர்க் கப்பல்ல பீரங்கி வைக்கப் பலமாப் போட்ட பட்டைல இருந்து வந்த பேரு அது. ஏறுறப்ப அந்த விளிம்பு மேல மிதிக்காதீங்க, படகு சாயும். லைப் ஜாக்கெட் பக்கிள மாட்டிட்டு, குனிஞ்சு, ஒரு கையால எதயாவது புடிச்சுக்கிட்டு, படகோட நடுவுல கால வைங்க. ஜெட்டிய நெருங்குறப்ப விளிம்ப வெளிப்பக்கமா விரல் போட்டுப் புடிக்கவே கூடாது. ஜெட்டிக் கட்டைக்கும் படகுக்கும் நடுவுல விரல் மாட்டுனா அவ்வளவுதான், படகு எவ்வளவு மெதுவா வந்தாலும் அதோட வெயிட்டு வெயிட்டுதான். உள்பக்கமாப் புடிங்க.

கயிறு: நான் ரொம்பத் தப்பு பண்ண எடம்

மலாய்ல கயிறுக்கு தாலி. "தாலி ஹாலுவான்!"னு பாங் கத்துனா அணியத்துக் கயித்தக் குடுன்னு அர்த்தம், கல்யாண ஞாபகத்துல சிரிச்சிக்கிட்டு நிக்காதீங்க, எல்லாத் தமிழ்ப் பசங்களும் சிரிச்ச ஜோக்தான் அது, பாங்குக்கு அலுத்துப் போயிருக்கும்.

படகக் கட்டுறப்ப அணியத்துக் கயிறு ஒண்ணு, அமரத்துக் கயிறு ஒண்ணு, ரெண்டும் வேணும். ஒண்ணுல மட்டும் கட்டுனா நீரோட்டத்துக்குப் படகு சுத்தும். கயித்தச் சுத்துற ரெண்டு கொம்பு வச்ச உலோகத்துக்கு கிளீட்னு பேரு. மொதல்ல அதோட அடியில ஒரு முழுச் சுத்து, அப்புறம் கொம்பு மேல குறுக்கால எட்டு போடுற மாதிரி ஒரு தடவ இல்ல ரெண்டு தடவ, கடைசியா கயித்த முறுக்கி ஒரு வளையம் போட்டு கொம்புல மாட்டி இழுங்க, முடிஞ்சுது. பத்து தடவ சுத்துறவன் பயந்தவன்னு மாமா சொல்லுவாரு. அவசரத்துக்கு அவுக்க முடியாது, அதுதான் வம்பு.

இப்ப நான் பண்ணது. ஒரு தடவ மாமா "கட்டிட்டு வாம்மா, பசியாறிட்டு வருவோம்"னாரு, நானும் கயித்த நல்லா இறுக்கி, ஒரு சாண் கூடத் தொங்காம அழகாக் கட்டிட்டு வந்துட்டேன். ரொட்டி சானாய், தே தாரிக், கத, ரெண்டு மணி நேரம். பினாங்குல ஒரு நாளைக்கு ரெண்டு தடவ தண்ணி ஏறி ரெண்டு தடவ இறங்கும், அமாவாசை பௌர்ணமி நாள்ல ஏத்தத்துக்கும் இறக்கத்துக்கும் ரெண்டு மீட்டருக்கு மேல வித்தியாசம் வரும். அன்னைக்குப் பௌர்ணமிக்கு மறுநாள். திரும்பி வந்து பாத்தா தண்ணி கீழ போயிடுச்சு, படகு இறங்க கயிறு விடல, அணியம் ஜெட்டித் தூண்ல தூக்கு போட்ட மாதிரி தொங்குது, அமரம் தண்ணிக்குள்ள அமுங்கி எஞ்சின் மூடி வரைக்கும் அலை தட்டுது. கயித்துல அவ்வளவு பாரம், அவுக்கவே முடியல, மாமா கத்தியால அறுத்தாரு. படகு தொப்புன்னு விழுந்துச்சு. எதுவும் பேசாம கயித்துல மிச்சம் இருந்த துண்ட எடுத்து என் கையில குடுத்தாரு, இன்னும் வீட்டுல வச்சிருக்கேன். அதனால மிதக்குற ஜெட்டியா நிக்கிற ஜெட்டியான்னு பாருங்க, மிதக்குறது தண்ணியோட சேந்து ஏறி இறங்கும், நிக்கிற ஜெட்டின்னா கயித்துக்கு இறங்குற அளவு விட்டுக் கட்டுங்க.

நங்கூரமும் அணியத்துலதான். மலாய்ல நங்கூரத்துக்கு சாவுஹ்னு சொல்லுவாங்க, கேக்குறப்ப நமக்குக் கொஞ்சம் திக்குன்னு இருக்கும். ஆனா நங்கூரத்த அமரத்துல கட்டுனீங்கன்னா அந்தப் பேரு பலிச்சாலும் பலிச்சிடும், வெளையாட்டு இல்ல. அமரம் தட்டையா தாழ்வா இருக்கும், எஞ்சின் வெயிட் வேற, நங்கூரக் கயிறு கீழ இழுக்க அலை உள்ள ஏற, ஒரு நிமிஷத்துல படகு முங்கிடும். அணியம் கூரு, ஒசரம், அலைய வெட்டி வெலக்கும். கயிறு ஆழத்த மாதிரி அஞ்சுல இருந்து ஏழு மடங்கு விடணும், நேரா கீழ தொங்குற நங்கூரம் மண்ணப் புடிக்காது.

அமரத்துல பாக்க வேண்டியது

எஞ்சின் மாட்டியிருக்குற தட்டையான பின் பலகைக்கு டிரான்சம். செகண்ட் ஹேண்ட் எஞ்சின் வாங்குறவங்க இதோட ஒசரத்த அளந்துட்டுப் போங்க, சின்ன எஞ்சினுங்க பெரும்பாலும் 15 அங்குலம், 20 அங்குலம்னு ரெண்டு நீளத்துல வரும், குட்டைப் பலகைக்கு நீள எஞ்சின் மாட்டுனா ஆழம் கொறஞ்ச எடத்துல சேத்த உழும், நீளப் பலகைக்குக் குட்டை எஞ்சின் மாட்டுனா காத்தாடி காத்தக் கடையும். டிரான்சம் அடியில ஒரு ஓட்டை இருக்கும், அதுக்கு ஒரு மூடி. கரையில நிக்கிறப்ப மழத் தண்ணி வடியறதுக்குத் தொறந்து வச்சிருப்பாங்க, கடல்ல இறக்குறதுக்கு முன்னாடி மூடணும். மறந்தவங்க எத்தன பேருன்னு எந்த ஜெட்டில வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, ஒருத்தரும் தன்னச் சொல்ல மாட்டாங்க, பக்கத்து ஆளக் காட்டுவாங்க.

அப்புறம் அந்த சிவப்புச் சுருள் வயரு. ஓட்டுறவரு கையில இல்ல ஜாக்கெட்ல மாட்டிக்கணும், அவரு தண்ணில விழுந்தா வயரு புடுங்கிக்கிட்டு எஞ்சின் நின்னுடும். மாட்டாம ஸ்டேரிங்ல தொங்கவிடுற ஆளோட படகுல நான் ஏறுறதில்ல.

அடியில இருக்குறதுக்கும் நம்ம பேரு உண்டு, முதுகுத்தண்டு மாதிரி நீளமா ஓடுற கட்டை ஏரா, விலா எலும்பு மாதிரி வளைஞ்சு வர்றது வங்கு. பைபர் போட்ல வங்கெல்லாம் பெருசா கண்ணுல படாது, தெரிஞ்சு வச்சிக்கோங்க, அவ்வளவுதான். மலாய்க்காரங்க சொல்ற காப்பாலும் நம்ம கப்பல்தான், கட்டுமரம் உலகம் பூரா கட்டமரான்னு சுத்துது, அப்புறம் நம்ம மட்டும் ஏன் வெக்கப்படணும்.

ஓடுறப்ப

காடி ஓட்டுறப்ப நம்ம ஊருல இடது பக்கம். கடல்ல குறுகலான வாய்க்கால்ல வலது பக்கத்து ஓரம். ரெண்டு எஞ்சின் படகு நேருக்கு நேரு வந்தா ரெண்டும் வலது பக்கம் ஒடிக்கணும், அப்ப ஒண்ணோட இடது பக்கம் இன்னொண்ணோட இடதுக்கு நேரா கடந்து போகும். குறுக்கால உங்க வலது பக்கத்துல இருந்து ஒரு எஞ்சின் படகு வந்தா, அது உங்களுக்குச் சிவப்பு வெளக்கக் காட்டும், நீங்கதான் வழி விடணும், டிராபிக் லைட் மாதிரியே. ஹார்ன் ஒரு சின்னச் சத்தம்னா வலது பக்கம் திரும்புறேன், ரெண்டுன்னா இடது, மூணுன்னா எஞ்சின ரிவர்ஸ்ல போடுறேன், அஞ்சும் அதுக்கு மேலயும் வந்தா "என்னய்யா பண்ற நீ"ன்னு அர்த்தம். துறைமுகத்துக்குள்ள வர்றப்ப சிவப்பு மிதவை உங்க இடது பக்கம், பச்ச வலது பக்கம். அமெரிக்காப் பக்கம் இது தலைகீழ், அங்க எடுத்த வீடியோவப் பாத்துக் கத்துக்கிட்டு வராதீங்க.

கப்பல அதோட பாகத்த வச்சு அடையாளம் பாக்குறதுலயும் பினாங்குக்கு ஒரு கத இருக்கு. எம்டன்னு நம்ம பாட்டிங்க ஜகஜ்ஜாலக் கில்லாடியச் சொல்லுவாங்களே, அந்த ஜெர்மன் கப்பல் 1914 செப்டம்பர்ல மெட்ராஸ் மேல குண்டு போட்டுட்டு அக்டோபர் 28 விடியக்காலைல பினாங்குத் துறைமுகத்துக்குள்ள வந்துச்சு. அதுக்குப் புகைப்போக்கி மூணுதான், பிரிட்டிஷ் கப்பல் மாதிரி தெரியணும்னு பொய்யா நாலாவது ஒண்ண நட்டு வச்சிருந்தாங்க. யாரும் சந்தேகப்படல. நங்கூரம் போட்டு நின்ன ரஷ்யக் கப்பல் செம்சுக்க மூழ்கடிச்சுட்டு, வெளிய போற வழியில பிரெஞ்சுக் கப்பல் ஒண்ணையும் முடிச்சிட்டுப் போயிடுச்சு. மாமாவுக்கு இது ரொம்பப் புடிச்ச கத, அந்தத் தண்ணியத் தாண்டுறப்பல்லாம் சொல்லுவாரு, சொல்லி முடிச்சதும் ஜெட்டி வந்துடும், உடனே கொரல் மாறிடும்: "ஏம்மா, கத கேட்டது போதும், அணியத்துக் கயித்த எடு. இறுக்கிக் கட்டிடாத!"